வெட்டியது தெரியாத கல்

எரிமலைக் குழம்பு சட்டென்று ஆறினால் கறுப்புக் கண்ணாடியாகும். அப்சிடியன் என்பார்கள். இரும்புக் கத்தியைக் காணாத மெக்சிக்கோக்காரர் அதை மரத்தில் பதித்து வாள் செய்தார்கள், சவரமும் செய்தார்கள். நான் குடியேறிய இந்த நாட்டுக்குப் பக்கத்தில், பப்புவா நியூகினித் தீவுகளிலிருந்து அது கடல் தாண்டிப் போயிருக்கிறது. அதன் விளிம்பு சத்திரசிகிச்சைக் கத்தியைவிட மெல்லியது. வெட்டினால் வெட்டியதே தெரியாது. வீட்டுக்கு வருகிறவர்களைப் பிடித்துவைத்து இதையெல்லாம் சொல்லி அறுப்பது என் வழக்கம்.

கல் கண்காட்சியில் வாங்கிய ஒரு கட்டியை பிளாக்டவுன் வீட்டு கராஜில் வைத்துத் தட்டிக் கத்தி செய்து பழகினேன். சிதறிய சில்லுகளைக் கூட்டினேன். கூட்டிவிட்டதாக நினைத்தேன். சப்பாத்துத் தட்டும் அங்கேதான் இருக்கிறது. சப்பாத்தையும் காலுறையையும் கராஜிலேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் உள்ளே வரவேண்டும் என்பது என் சட்டம்.

பின் அறையில் ஒரு தம்பி இருக்கிறான். அகதியாகப் படகில் வந்தவன், இன்னும் தற்காலிக விசாதான். கோழி வெட்டும் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றபடி வேலை. நாலு நாள் போகாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும்.

அன்று வெள்ளிக்கிழமை. மனைவி விளக்கேற்றியிருந்தாள். வேலையால் வந்தவன் கராஜிலிருந்து நடந்துவந்த வழியெல்லாம் வெள்ளை டைல்ஸில் ரத்தத் திட்டு. எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"கோழி ரத்தத்தோட வீட்டுக்குள்ள வராதை எண்டு எத்தினை தரம் சொல்றது? வெள்ளிக்கிழமையும் அதுவுமா!"

"சொறி அண்ணை."

குசினியிலிருந்து துணி எடுத்துவந்து மண்டியிட்டுத் துடைத்தான். நான் இடுப்பில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டு நின்றேன். துடைத்த இடத்திலேயே புதுத் திட்டு விழுந்தது. அப்போதுதான் அவன் குதிகால் பிளந்திருந்ததைக் கண்டேன்.

"நோகேல்லையோ?"

"இல்லை அண்ணை. கோழி ரத்தம் எண்டுதான் நானும் நினைச்சன்."

ஆறு தையல். இரண்டு கிழமை அவனால் நிற்க முடியவில்லை. வேலை போய்விட்டது. டொக்டரிடம், "ஏதோ போத்தல் உடைஞ்ச துண்டு" என்று முந்திக்கொண்டு சொன்னவன் நான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அது என் கல் என்று அவனுக்கு இன்றுவரை சொல்லவில்லை. வெட்கக்கேடு.

இப்போது அவனுக்குப் பெட்டி அடுக்குகிற வேலை. கோழியும் இல்லை, ரத்தமும் இல்லை. ஆனாலும் கராஜில் சப்பாத்தைக் கழற்றியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு பாதத்தையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். பிறகு எனக்குக் கேட்கும்படி சொல்கிறான்:

"கால் சுத்தம், அண்ணை. வாறன்."