அன்று காற்று அடிக்கவில்லை

என்னைக் கேட்காமலே அழைப்பிதழில் என் பெயரைப் போட்டிருந்தார்கள். கண்டியில் தமிழ்ப் புத்தக வெளியீடு என்றால் இதுதான் வழக்கம். முதலில் பெயரை அச்சடிப்பார்கள், பிறகு ஆளைத் தேடுவார்கள். பெயருக்குக் கீழே தலைப்பு வேறு: 'இயற்கை, பால்ய நினைவுக் கவிதைகளில் நவீனக் கூறுகள்'. நான் டவுனில் ஆணியும் பெயின்டும் விற்கிறவன். நவீனக் கூறு கிலோ என்ன விலை என்று எனக்கெப்படித் தெரியும்?

கவிஞன் என் கூட்டாளி. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே வரிசை வீடுகளில் அடுத்தடுத்த காம்பராவில் வளர்ந்தோம். இப்போது அவன் குண்டசாலையில் வீடு கட்டி, வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டு, மூடுபனியைப் பற்றி எழுதுகிறான். அந்தப் பனியில் தண்ணீர் பிடித்து வரச் சொன்னால் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்தவன் அவன்.

போனில் கத்தினேன். "ஏன்டா, ஒரு வார்த்த கேக்க மாட்டியா?"

"கேட்டா வர மாட்டேன்னு சொல்லுவ மச்சான். லயத்து ஆள் ஒருத்தன் பேசுனாத்தான் மண்வாசன இருக்கும்."

"மண்வாசனயா? கடையில சிமெந்து மூட மூடயா கெடக்கு, அனுப்பட்டா?"

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் புத்தகத்தைத் திறக்கவே எனக்குப் பயம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பத்து வயதில் மரத்தில் தொங்கிய ஒரு குளவிக்கூட்டின் மேல் கல் எறிந்தேன். அவன் பக்கத்தில் நின்றான். கூடு உடைந்தது. கீழே தேயிலை நிரையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த என் அம்மாவைக் குளவிகள் மொய்த்துக்கொண்டன. இடது கண்ணில் பார்வை போயிற்று. அதே மரத்தடியில் அவனுடைய அம்மா விறகு ஒடித்துக்கொண்டிருந்தார். அவர் கிளையை உலுக்கியதால்தான் கூடு கலைந்தது என்று என் அம்மா முடிவு கட்டிவிட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. பேச்சில்லை என்றால் வசவு உண்டு. குழாயடியில், கோயிலில், கல்யாண வீட்டில், நாற்பது வருடம். நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். தன் தாய் திட்டு வாங்குவதைப் பார்த்துக்கொண்டு அவனும் சும்மா இருந்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவானே.

புத்தகத்தில் பாதி எனக்கு விளங்கவில்லை. எதுகை மோனை இல்லை. ஒரு கவிதையில் மூடுபனி போன் சிக்னல் மாதிரி விட்டு விட்டு வருகிறது. அது நன்றாகத்தான் இருந்தது, மறுக்க மாட்டேன். ஆனால் எழுபது பக்கத்திலும் ரத்தம் குடிக்கும் அட்டை ஒன்றுகூட இல்லை. அட்டை இல்லாத தேயிலை மலையை இவன் எங்கே கண்டானோ.

கடைசிப் பக்கத்தில் அது இருந்தது.

'காற்று வந்து தட்டியது
கூடு உதிர்ந்தது
மஞ்சள் மழையில்
ஒரு பெண் நின்றாள்.'

அதற்குக் கீழே நாலு வரி அளவுக்கு வெற்றுத் தாள். பிறகு வேறு ஏதோ.

தப்பித்தேன் என்றுதான் முதலில் நினைத்தேன். பத்து நிமிடத்தில் ஆத்திரம் வந்தது. மறுபடி போன் எடுத்தேன்.

"அன்னைக்கு ஏதுடா காத்து? எல கூட ஆடல."

"கவிதையில ஆடும் மச்சான்."

"ஒங்கம்மாவயும் காணோம்?"

"எங்கம்மாவ எழுதுனா அவங்க மேல தப்பில்லன்னு எழுதணும். அப்ப ஒன்ன எழுதணும். அதுக்குத்தான் எடம் விட்டிருக்கேன்."

வெளியீட்டு விழாவில் தலைமை தாங்கிய பேராசிரியர் அந்த வெற்று இடத்தைப் பற்றி மட்டும் கால்மணி நேரம் பேசினார். மௌனம்தான் நவீனக் கவிதையின் மொழி என்றார். முன்வரிசைக் கதிரைகளில் ஒரு கோடியில் என் அம்மா, மறு கோடியில் அவனுடைய அம்மா. நடுவில் எட்டுக் கதிரை.

நான் எழுதிக் கொண்டுபோனதைப் படிக்கவில்லை. "இதுல ஒரு பொய் இருக்கு. அன்னைக்குக் காத்து அடிக்கல. கல்லு எறிஞ்சது நான். யாரும் கெளைய உலுக்கல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

கைதட்டல் அடங்க நேரம் ஆயிற்று. "வாசகனே கவிதைக்குள் நுழைந்து குற்றத்தை ஏற்கிறான், அற்புதமான வாசிப்பு!" என்றார் பேராசிரியர். முதற்பிரதி வாங்கிய நகைக்கடை முதலாளி என் கையைக் குலுக்கி, "கல்லுன்றது நல்ல உருவகம் தம்பி" என்றார். நாற்பது வருடம் மென்று விழுங்கியதைத் துப்பினால் அதற்கும் இலக்கணம் சொல்கிறார்கள் படித்தவர்கள்.

தேநீர் வேளையில் அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"நெசமாவே நீதான் எறிஞ்சியா, இல்ல மேடைக்குச் சொன்னியா?"

மேடைக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். மண்டபமே எனக்குச் சாட்சி சொல்லியிருக்கும்.

"நான்தாம்மா."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எட்டுக் கதிரையையும் பிடித்துப் பிடித்து நடந்து அந்தக் கோடிக்குப் போனார்.

"ஒன் மேல தப்பில்லையாம்" என்றார், யாரோ சொல்லியனுப்பிய சேதி போல.

அவனுடைய அம்மா தேநீரோடு கொடுத்த பெட்டிசை மெதுவாக மென்று முடித்தார். "இப்பத்தான் வெளங்குச்சாக்கும். என் கோழி செத்ததுக்கும் நான்தான் காரணம்னு ஏசுனியே, அதுக்கு எவன் கல்லெறிஞ்சான்? ஒக்காரு, காலு நோவும்."

அம்மா உட்கார்ந்தார். இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

மூன்று வாரமாயிற்று. அம்மா என்னோடு பேசுவதில்லை. லயத்துக்குப் போனால் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் பக்கத்துக் காம்பராவுக்குப் போய்விடுகிறார். கவிஞனின் அம்மா வாசலில் நின்று சத்தம் போடுகிறார்: "தம்பி, கொழம்பு அடுப்புல இருக்காம். ஊத்தித் தின்பியாம். தட்டக் கழுவி வச்சிட்டுப் போவியாம்."