தீச்சட்டி எடுத்த நாளுக்கு நோட்டில் எழுதிய எண்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நான்கு வருடம் ஆகிறது. இரண்டு தடவை பிள்ளையார் சுழி போட்டு, அதோடு மூடி வைத்துவிட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத வராது என்பதால்தான் தள்ளிப்போட்டேன் என்று சொன்னால் அது பொய். அம்மன் பேரைச் சொல்லி நான் செய்த தப்பை நானே ஊருக்குப் படித்துக் காட்ட வேண்டுமே என்றுதான் கை வரவில்லை. இந்த ஆடி வெள்ளிக்கு விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஆத்தா படத்துக்கு முன்னால் எழுதுகிறேன். கூட்டியோ குறைத்தோ எழுத மாட்டேன்.

எனக்கு ஊர் போடிநாயக்கனூர். கல்யாணமான வருடத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். காலையில் ஜீப்பு ஏறினால் கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி, மலை உச்சி மெட்டைத் தாண்டித் தோட்டத்தில் இறங்க வேண்டும். ஏலக்காய் செடியின் தலையில் காய்க்காது. தூரில், மண்ணோடு படர்ந்து கிடக்கும் சரத்தில் காய்க்கும். சரிவில் குத்தவைத்து நகர்ந்து நகர்ந்துதான் எடுக்க வேண்டும். ஒரு மழைநாளில் அப்படி நகரும்போது கால் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டு, ஒன்றரை மாதம் கழித்து அவிழ்த்தார்கள். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்றார்கள்.

அதற்குப் பிறகுதான் எனக்குக் கேடுகாலம் ஆரம்பித்தது. கை எரிந்தது. மிளகாய் அரைத்த கை எரியுமே, அதைப் போலப் பல மடங்கு. சேலைத் தலைப்புப் பட்டாலே உயிர் போய்விடும். கை மினுமினுவென்று வீங்கி, ஒரு நேரம் சிவந்தும் ஒரு நேரம் நீலம் பூத்தும் இருக்கும். தண்ணீர்த் தம்ளரைப் பிடிக்க முடியாது. படம் எடுத்துப் பார்த்தால் எலும்பில் ஒன்றுமில்லை. அந்த 'ஒன்றுமில்லை' என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. தோட்டத்தில் வேலை வாங்கும் மலையாளத்து மேஸ்திரி, "வய்யெங்கில் வரண்டா" என்றார். முடியாவிட்டால் வர வேண்டாமாம். தெருவில் ஒரு மதினி என் காதுபடவே, "படத்துல ஒண்ணுமில்லையாம்டி. சோலி பாக்கத்தான் வலிக்குதாக்கும். என்னா நடிப்பு!" என்றாள். என் வீட்டுக்காரர் நல்லவர். அவரே ஒருநாள், "ஏத்தா, நெசமாவே வலிக்குதா?" என்று கேட்டுவிட்டார். அன்று நான் சோறு தின்னவில்லை.

அம்மனிடம் போய் அழுதேன். 'இந்தக் கையால் ஒரு தம்ளர் பிடிக்க வைத்தாயானால், இதே கையில் உனக்குத் தீச்சட்டி எடுக்கிறேன்' என்று நேர்ந்துகொண்டேன்.

மூன்று வருடம் ஓடியது. அப்புறம் போடியில் ஒரு டாக்டர், மதுரையில் ஒரு ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே வலிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது என்றார். வலிக்குக்கூடவா ஒரு டாக்டர் என்று நினைத்துக்கொண்டே போனேன். அங்கே இருந்தது ஒரு பெண் டாக்டர். என் கையைப் பார்த்ததும், "தொடலாமாம்மா?" என்று கேட்டார். மூன்று வருடத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"எலும்பு ஆறிருச்சும்மா. ஆனா நரம்புக்கும் மூளைக்கும் அது இன்னும் தெரியல. இன்னமும் அடிபட்டுக் கெடக்குன்னே சொல்லிக்கிட்டு இருக்கு. நீங்க நடிக்கல. இந்த நோய்க்குப் பேரே இருக்கு" என்றார்.

நரம்பு மாத்திரை கொடுத்தார். பிறகு ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். இந்த மாதிரி வலி உள்ளவர்களை இரண்டு கூட்டமாகப் பிரிப்பார்களாம். ஒரு கூட்டத்துக்குக் கண்ணாடிப் பயிற்சி, இன்னொன்றுக்குச் சாதாரணக் கைப்பயிற்சி. மாத்திரை எல்லாருக்கும் உண்டு. யார் எதில் என்று டாக்டர் தன் இஷ்டத்துக்குச் சொல்லக் கூடாதாம். குலுக்கிப் போட்டதில் வந்தபடிதானாம்.

"கோயில்ல பூக்கட்டிப் பாக்குற மாதிரியா?" என்று கேட்டேன்.

டாக்டர் சிரித்துவிட்டார். "அதே மாதிரிதான்."

எனக்குக் கண்ணாடி விழுந்தது. ஒரு பெட்டி கொடுத்தார்கள். பக்கத்தில் கண்ணாடி பதித்திருக்கும். வலிக்கிற வலது கையைப் பெட்டிக்குள் மறைத்துக்கொண்டு, இடது கையைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்து மெதுவாக விரித்து மடக்க வேண்டும். கண்ணாடியில் பார்த்தால் வலது கையே நோவில்லாமல் அசைவது போலத் தெரியும். அதைப் பார்த்துப் பார்த்து மூளை பயம் தெளியுமாம். கூடவே ஒரு நோட்டு. தினமும் வலிக்கு ஒரு எண் போட வேண்டும். வலியே இல்லையென்றால் பூஜ்யம், பொறுக்கவே முடியாதென்றால் பத்து.

"கொறஞ்சா கொறஞ்சதுன்னு எழுதுங்க, கொறையலேன்னா கொறையலேன்னு எழுதுங்க. எங்க மனசு சந்தோசப்படணும்னு மாத்தி மட்டும் எழுதிறாதீங்க. நீங்க எழுதுறத நம்பித்தான் இன்னொருத்தருக்கு வைத்தியம் சொல்லப் போறோம்" என்றார் டாக்டர்.

வீட்டுக்காரர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "என்னத்தா, சினிமாவுக்கு மேக்கப்பா?" என்றார். ஆனால் நேரம் தவறினால் அவரே பெட்டியைக் கொண்டுவந்து வைப்பார்.

முதல் மாதம் ஒன்பது, எட்டு, ஒன்பது என்றே எழுதினேன். பிறகு ஏழு. மாசி முடியும்போது ஐந்து. ஒருநாள் தம்ளரைத் தூக்கிவிட்டேன். வெளியே மூச்சு விடவில்லை. குணமாகிறது என்று வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று எங்கள் பக்கம் எல்லாரும் நினைப்பதுதான். நானும் நினைத்தேன். மாத்திரையையும் நோட்டையும் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தேன்.

சித்திரைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினேன். விரத நாளிலும் மாத்திரையை நிறுத்தவில்லை. காலை வெயிலில், கொட்டுச் சத்தத்தோடு, வேப்பிலை சுற்றிய சட்டியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கோயிலைச் சுற்றி வந்தேன். வலித்தது. நன்றாகவே வலித்தது. ஆனால் கீழே விடவில்லை. இறக்கி வைத்ததும் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். என்னை நடிப்பு என்று சொன்ன அந்த மதினி என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். எழுந்து, என் கையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "ஆஸ்பத்திரி மருந்தெல்லாம் ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணுமில்ல மதினி. ஆத்தா திருநீறு மட்டுந்தான்" என்றேன்.

ஏன் சொன்னேன்? இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். கோயில் வாசலில் மாத்திரைப் பேச்சு எடுத்தால் அம்மனைச் சிறுமைப்படுத்தியது போலாகும் என்று நினைத்தது பாதி. மூன்று வருடம் என்னைக் கள்ளியாகப் பார்த்த கண்ணெல்லாம் அன்றைக்குக் கும்பிட்டதே, அந்த மயக்கம் பாதி. மறுநாள் காலை நோட்டை எடுத்து, தீச்சட்டி எடுத்த நாளுக்கு நேராக ஏழு என்று எழுதினேன். அதில் மட்டும் பொய் எழுதவில்லை.

கொஞ்ச நாள் போனது. வைகாசியில் எளிய சோலியாகக் காய் தரம் பிரிக்க வரச் சொன்னார்கள் என்று திரும்பவும் ஜீப்பு ஏறினேன். பின்னால் பன்னிரண்டு பேர். எங்கள் போடிக்காரிகள் யாரும் இல்லை. தேவாரம், ராசிங்காபுரம் பக்கத்துப் பெண்கள். முந்தல் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் ஒரு வயசான அம்மா ஆரம்பித்தாள்.

"சங்கதி தெரியுமாடி? போடியில ஒருத்திக்குக் கை அழுகிப்போச்சாம். மதுரை டாக்டரு வெட்டணும்னு கத்தியோட நிக்கிறாராம். இவ மாத்திரையெல்லாம் ஆத்துல வீசிட்டு நேரா அம்மன்கிட்டப் போயிட்டா. மூணே நாளு! வெறுங்கையில நெருப்ப அள்ளிக்கிட்டு வந்தாளாம்."

"வெறுங்கையிலயா? சட்டி இல்லாமயா?"

"சட்டி எதுக்குங்கிறேன்? ஆத்தா கூட நிக்கையில சட்டி எதுக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? வந்தது. ஆனால் எனக்கு எதிரே இருந்த ஒரு சின்ன வயசுப் பெண் சிரிக்கவில்லை. தேவாரத்துக்காரி. "எங்கக்காவும் அதக் கேட்டுட்டுத்தான் மாத்திரைய வாய்க்கால்ல கொட்டிருச்சு" என்றாள். "அதுக்கு இடுப்புலேருந்து கால் வரைக்கும் நெருப்பா இழுக்கும். மதுரையிலதான் நரம்பு மாத்திரை குடுத்தாய்ங்க. அதத் தின்னு எந்திரிச்சு நடந்துக்கிட்டு இருந்துச்சு. இப்ப ஆறு நாளாப் படுத்த படுக்கை. வேர்த்து ஊத்துது, கை காலெல்லாம் நடுங்குது. கூப்புட்டாலும் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்குது. ஆத்தா சோதிக்கிறா, பொறுத்துக்கிட்டா சொகத்தக் குடுத்துருவாங்குது."

அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புக்கூட வரலாம் என்று மதுரையில் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். வாயைத் திறக்கப் பார்த்தேன். வளைவு ஒன்று போனது. அடுத்த வளைவில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அதுவும் போனது. சொன்னால் நாளைக்குப் போடியில் எப்படித் தலைகாட்டுவது? 'ஆத்தா, நீயே சொல்லிவிடேன்' என்று மனதுக்குள் கெஞ்சினேன். மூன்று வளைவு, நான்கு வளைவு. மேலே போகப் போக அந்த அக்கா படுத்துக் கிடக்கும் வீடு கீழே தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

"அண்ணே, நிப்பாட்டுங்க!" என்று கத்தினேன்.

"என்னத்தா, வாந்தியா?" என்றார் டிரைவர்.

"அது நாந்தான்" என்றேன்.

"எது நீதான்? ஆத்தாவா?" என்றாள் அந்த வயசான அம்மா. ஜீப்பே சிரித்தது.

கையை நீட்டிக் காட்டினேன். "தீச்சட்டி எடுத்தவ நாந்தான். கை அழுகல. யாரும் வெட்டுறேன்னு சொல்லல. நான் மாத்திரைய ஒருநாள்கூட நிறுத்தல. இன்னைக்குக் காலையிலகூடத் தின்னுட்டுத்தான் வர்றேன். திருநீறு மட்டுந்தான்னு நான் சொன்னது பொய்."

அந்த வயசான அம்மா, "அடிப்பாவி, சாமி பேர்லயா?" என்றாள். நான் அந்தத் தேவாரத்துப் பெண்ணின் கையைப் பிடித்து, "எறங்குத்தா, வெரசாப் போவோம்" என்றேன்.

கீழே இறங்கிய ஒரு ஜீப்பைக் கைகாட்டி ஏறினோம். போடியில் வீட்டுக்கு ஓடி நோட்டை எடுத்துக்கொண்டேன். தேவாரம் பஸ்சில் அந்தப் பெண் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

அக்கா பாயில் சுருண்டு கிடந்தாள். என்னைவிட இளையவள். உதடு காய்ந்திருந்தது. நான் யார் என்று சொல்லி, நடந்ததையெல்லாம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

"ஒங்கள ஆஸ்பத்திரிக்காரங்கதான் அனுப்புனாங்களா? இல்ல இவ கூட்டியாந்தாளா?" என்று தங்கையைப் பார்த்து முறைத்தாள். "ஆத்தா எனக்குக் குடுக்கப்போற நேரத்துல வந்து கெடுக்காதீங்க. போங்க."

பேசிப் பயனில்லை என்று தெரிந்தது. நோட்டை விரித்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். மார்கழி ஒன்பது. தை எட்டு. மாசி ஐந்து. ஒவ்வொரு நாளும் மாத்திரை தின்றதற்கும் கண்ணாடி பார்த்ததற்கும் போட்ட கோடு. அவள் விரல் அந்தத் திருவிழா நாளில் வந்து நின்றது.

"இது சட்டி எடுத்த அன்னைக்கா?"

"ஆமா."

"ஏழுன்னு இருக்கு."

"ஏழுதான்."

"அப்ப ஒங்களுக்கும் வலிச்சுச்சா?"

"வலிச்சுச்சுத்தா. சட்டியப் பிடிச்சிருந்த அம்புட்டு நேரமும் வலிச்சுச்சு."

அவள் முகம் கோணியது. "எனக்கு மட்டுந்தான் ஆத்தா குடுக்கலேன்னு நெனச்சேன்" என்று சொல்லி அழத் தொடங்கினாள். அதுவரை வாசலோரம் நின்ற தங்கைக்காரி அப்போதுதான் வந்து உட்கார்ந்தாள்.

நோட்டு அட்டையில் இருந்த ஆஸ்பத்திரி நம்பருக்குப் போன் போட்டோம். பழைய அளவு மாத்திரையை மொத்தமாக விழுங்கவைக்காதீர்கள், உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். கார் பிடித்து மதுரைக்குக் கொண்டுபோனோம். வலிப்பு வரவில்லை. அதற்கு நான் அம்மனுக்குத்தான் நன்றி சொல்வேன். அந்த டாக்டருக்கும் சொல்வேன். இரண்டையும் சேர்த்துச் சொல்ல முன்பு எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

டாக்டர் என் நோட்டையும் வாங்கிப் பார்த்தார். "இது என்ன, அஞ்சுலேருந்து ஏழு?" என்றார். சொன்னேன். பொய் சொன்னதையும் சொன்னேன். நோட்டை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, "நோட்டுல சரியா எழுதியிருக்கீங்க" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய், பூசாரி முன்னாலேயே அந்த மதினியிடம் உண்மையைச் சொன்னேன். அவள் இன்றுவரை என்னோடு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. பூசாரி மட்டும் திருநீறு கொடுத்துவிட்டு, "மாத்திரைய ஒழுங்காச் சாப்புடுத்தா" என்றார்.

தேவாரத்து அக்கா இப்போது நடக்கிறாள். வலி முழுதாகப் போகவில்லை. மாதம் ஒருமுறை அதே பஸ்சில் இரண்டு பேரும் மதுரைக்குப் போகிறோம். அந்த ஆராய்ச்சி என்ன முடிவு சொன்னது என்று எனக்கு விளக்கத் தெரியாது. என் கைக்கு என்ன நடந்தது என்பதைத்தான் எழுதியிருக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்கள் வலியோடு இருக்கும் ஒருவருக்காவது சொல்லுங்கள். ஆனால் நான் எழுதியபடியே சொல்லுங்கள். கதையிலிருந்து சட்டியை நீக்கிவிடாதீர்கள், கத்தியைச் சேர்த்துவிடாதீர்கள். மாத்திரையை விட்டுவிடாதீர்கள், ஆத்தாவையும் விட்டுவிடாதீர்கள். இதை எழுதுகிற இன்றைக்கு என் கையில் வலி மூன்று. அதைப் பூஜ்யம் என்று மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.