முழத்துக்கு மேல் நான்கு விரல்

ராமக்காள் நாரின் முனையை முழங்கையில் அழுத்தி, கட்டிய மல்லிகையை நடுவிரல் நுனி வரை இழுத்துப் பிடிக்கிறாள். ஒரு முழம். ஆனால் அங்கே அறுப்பதில்லை. இன்னும் நான்கு விரல் தள்ளிப்போய், பல்லால் நாரைக் கடிக்கிறாள். மார்க்கெட்டில் பூவை இறக்கிவிட்டு வந்து, தினமும் காலை எட்டேகாலுக்கு எங்கள் வீட்டுப் படியில் அவள் செய்வது இது.

"எதுக்கு ராமக்கா இவ்வளவு?" என்று என் மனைவி கனகலக்ஷ்மி ஒருமுறை கேட்டாள்.

"அளந்து குடுக்கறது மார்க்கெட்டுக்குங்க அம்மா. நம்மூட்டுக்கு அளந்தா நல்லாவா இருக்கும்?"

ஹனூர் பக்கம் ராமாபுரத்துக்காரி. வயது கேட்டால், "ஆனை ஊருக்குள்ள வந்த வருசம் பொறந்தேனுங்க" என்பாள். எந்த யானை, எந்த வருடம் என்று விசாரித்தேன், கிடைக்கவில்லை. பூவைக் கன்னடத்தில் எண்ணுவாள், சண்டையைத் தமிழில் போடுவாள். கைப்பேசியைப் பால் பாக்கெட் உறையில் சுற்றி வைத்திருப்பாள். மழையில் தலை நனையலாம், அது நனையக் கூடாது. செடிகளோடும் பேச்சு உண்டு: "ஏண்டி, நேத்து அத்தன மொக்கு வுட்டே, இன்னிக்கு என்ன கேடு?"

நஞ்சன்கூடு சாலையில், என் தாய்வழியில் வந்த ஒரு ஏக்கரில்தான் பதினோரு ஆண்டுகளாகப் பயிரிடுகிறாள். வாய்ப்பேச்சுக் குத்தகை. ரயில்வே சரக்கு அலுவலகத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் ஒரு மூட்டை விடாமல் பதிந்தவன் நான். இவள் பெயரை மட்டும் எந்தத் தாளிலும் பதியவில்லை. பஹணி என்னும் நிலப் பதிவேட்டில் குத்தகைக்காரர் பெயர் ஏறினால் நிலம் கைவிட்டுப் போகும் என்று எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு பயம். பயிர்க் கணக்கெடுக்க வந்தவர் படம் பிடித்தபோது, நானே பயிரிடுவதாகச் சொன்னேன். ராமக்காளைக் கொஞ்சம் விலகி நிற்கச் சொன்னேன். கூடையோடு நகர்ந்து நின்றாள்.

பிறகு கொரோனா ஊரடங்கு. மார்க்கெட் பூட்டிக் கிடந்தது. ராமக்காள் ஒரு நாளும் பறிக்காமல் இருக்கவில்லை. "பறிக்காம வுட்டாச் செடி கோவிச்சுக்குமுங்க. அடுத்த மொக்கு வைக்காது." பறித்ததை வரப்போரம் குழி வெட்டிக் கொட்டினாள். பக்கத்து நிலத்துத் தொட்டையன், "என்ன ராமக்கா, பூவுக்கே கருமாதியா?" என்று கேலி செய்திருக்கிறார். "நீ வேணா வந்து உள்ள படு, வாசமா இருக்கும்" என்று திருப்பிக் கொடுத்திருக்கிறாள். இதை எங்களிடம் சொல்லிச் சிரித்தாள். அந்த வருடம் அவள் கம்மலில்லாமல் வந்ததையும் நான் பார்த்தேன்.

பூ விவசாயிகளுக்கு அரசு நிவாரணம் கொடுத்தது. ஏக்கருக்குப் பத்தாயிரம் ரூபாய், பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கு. 2020 ஜூன் 19, வெள்ளிக்கிழமை, என் வங்கிக் கணக்கில் ஏறியது. அன்றே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். ராமக்காளிடம் சொல்லவில்லை. அந்த ஆண்டுக் குத்தகையையும் குறைக்காமல் வாங்கினேன். நாளை சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று ஐந்து ஆண்டுகள் போயின. நான்கு விரல் பூ மட்டும் ஒரு நாளும் குறையவில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை, அவள் கட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஓர் உறையை வைத்தேன்.

"ராமக்கா, கொரோனா சமயத்துல பூவுக்கு நிவாரணப் பணம் வந்துது. என் பேர்ல வந்துது. உனக்குச் சேர வேண்டியது. சொல்லாம இருந்துட்டேன்."

அவள் நிமிரவில்லை. "தெரியுமுங்க ஐயா. அப்பவே பஞ்சாயத்து ஆபீசுல லிஸ்ட்டு ஒட்டியிருந்தாங்க. உங்க பேரைப் படிச்சுக் காட்டுனாங்க."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னுதானுங்க."

உறையைப் பிரித்து எண்ணிப் பார்க்காமல் இடுப்பில் செருகிக்கொண்டாள். நாரின் முனையை முழங்கையில் அழுத்தினாள். பூவை நடுவிரல் நுனி வரை இழுத்தாள். சரியாக அந்த இடத்தில் கடித்து அறுத்தாள்.