கடைசி வாய்

ஆவூரில் அம்மை ஊசி போடப் போனபோது அவரைச் சந்தித்தேன். பினாங்கிலிருந்து திரும்பி வந்து தனியாக இருந்தவர். அறுபது வயதிருக்கும். அந்த வெயிலிலும் சட்டையின் கழுத்துப் பொத்தானைக்கூடக் கழற்றவில்லை.

ஊசி போட்டதும் கதவைச் சாத்திவிட்டு, யாரோ கப்பலில் துணிக்குள் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்த பீர் பாட்டிலை எடுத்தார். மதுவிலக்குக் காலம், நான் சர்க்கார் ஊழியன். தனியாகக் குடிக்க மனமில்லை என்று அவர் சொன்னதால் உட்கார்ந்தேன். எனக்கும் ஒரு தம்ளரில் ஊற்றினார். ஒவ்வொரு வாய்க்கும் பிறகு, தன் கண்ணாடித் தம்ளரைத் தூக்கி எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்த்துக்கொண்டார்.

“எப்படிங்க இருக்கு?” என்று கேட்டார்.

“கசக்குதுங்க.”

“பாதிக்கு மேல அது தெரியாது. சூடேறிட்டா கடைசி வாய் மறுபடி கசக்கும்னு அவ சொல்லுவா. அங்கிட்டு இருந்தவரைக்கும் என் தம்ளர்ல கடைசி வாயை அவதான் குடிப்பா.”

“அவங்க இப்ப எங்கங்க?”

“பினாங்குலதான். சீனத்தி, என்கூட வாழ்ந்தவ. கப்பலேற மாட்டேன்னுட்டா.”

பிறகு, அடியில் சிறிது மிஞ்சியிருந்த தன் தம்ளரை என் பக்கம் நகர்த்தினார். “இதை நீங்க குடிச்சிருங்களேன்.”

எச்சில் என்று நினைத்தேனோ என்னவோ, நேரமாகிவிட்டது என்று எழுந்துகொண்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு அதைத் தாமே குடித்தார்.

“அவ சொன்னது நெசந்தாங்க” என்றார்.

அந்த ஒரு வாயை நான் குடித்திருக்கலாம்.