செல்வராஜ் அண்ணனின் ஓரத்துச் சிப்பாய்

செஸ் கோச்சுகளாகக் காலம் தள்ளும் சக துரதிர்ஷ்டசாலிகளே, நாம் ஒரு மணி நேரம் தொண்டைத்தண்ணீர் வற்றச் சொல்வதை, ஓப்பனிங் எனும் தொடக்க நகர்த்தல்களைப் பழக்கும் மென்பொருள் ஒரு பச்சை அம்புக்குறியில் சொல்லி முடித்துவிடுகிறது.

சத்தம் வரணும்

சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு மாடியில் என் வகுப்பு. பெரியவர்களுக்கான மாலை நேரத்தில் மெர்சி அக்கா சேர்ந்தார். கணக்கு டீச்சர். ஞாயிறுதோறும் கணவர் செல்வராஜ் அண்ணனிடம் தோற்பார்; அந்த வாரம் முழுக்க அண்ணனின் கிண்டல் தாங்க முடியாது. ஒரே ஒரு தடவை அவரை ஜெயித்துவிட வேண்டும், அவ்வளவுதான் அக்காவின் ஆசை.

குழம்பு கொதிக்கும் நேரத்தில்கூட லேப்டாப்பில் அந்த மென்பொருளை வைத்துப் பழகினார். சரியாக நகர்த்தினால் அதில் 'டிங்' என்று சத்தம் வரும். வகுப்பில் நிஜப் பலகையில் ஒரு சிப்பாயை நகர்த்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன அக்கா என்றேன்.

"சார், நீங்க டிங் சொல்லுங்க. அப்பதான் எனக்கு அடுத்தது வரும்."

சிலபஸில் இல்லை

அடுத்த ஞாயிறு மதியம் அக்காவிடமிருந்து போன். வெள்ளைக் காய் எப்போதும் அவருக்குத்தான். அது அண்ணனின் பெருந்தன்மை. மனப்பாடம் செய்ததையெல்லாம் வரிசையாக ஆட உட்கார்ந்தவருக்கு, இரண்டாவது நகர்த்தலிலேயே அண்ணன் ஆப்பு வைத்துவிட்டார்.

"சார், இவரு ஓரத்துச் சிப்பாயைத் தள்ளிட்டாரு. லேப்டாப்ல இது கிடையவே கிடையாது. திருப்பி வைக்கச் சொல்லுங்க சார்!"

சொந்தச் சரக்கு

நமக்கு வேண்டிய ஆட்டங்களை நாமே அந்த மென்பொருளில் ஏற்றிக்கொள்ளலாம். அப்படியானால் அண்ணனையே ஏற்றிவிட்டால் என்ன? கேட்டுப் பார்த்தேன். படப்பையில் இருக்கும் தன் ஹார்டுவேர் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு, குஷியாக வந்து உட்கார்ந்தார். தன் குறுக்குவழிகளை ஒன்றுவிடாமல் ஆடிக் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் அண்ணனின் கறுப்புக் காய் காலி என்று மென்பொருள் காட்டிக்கொண்டே வந்தது. அவர் திரையைப் பார்த்தால்தானே!

"நல்லா ஏத்திக்கோ தம்பி. இந்த ஆட்டம் கம்ப்யூட்டருக்கே தெரியாது. எல்லாம் நம்ம சொந்தச் சரக்கு!"

ஞாயிறு மதியம்

செம்பாக்கத்தில் இருக்கும் அவர்கள் வீட்டுக்கு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். பிரியாணி முடிந்ததும் பலகை வந்தது. அண்ணன் ஓரத்துச் சிப்பாயைத் தள்ளினார். அக்கா யோசிக்கவே இல்லை. லேப்டாப்பில் பழகிவைத்த பதில் தயாராக இருந்தது. அண்ணன் குதிரையை விட்டுப் பார்த்தார், அதற்கும் இருந்தது. கடைசியில் ராணியை வைத்து, பரீட்சைத்தாள் திருத்தும் குரலில் "செக்மேட்" என்றார் அக்கா.

அண்ணனுக்குக் கோபம் வரப்போகிறது என்று நினைத்தேன். மனுஷன் ஜன்னலைத் திறந்து எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். அந்தக் குரலில் இருந்த பெருமையைக் கேட்டு எனக்கே கண் கலங்கிவிட்டது.

"சார், ஓடியாங்க! எங்க டீச்சரம்மா என் ஆட்டத்த வச்சே என்னைக் கவுத்துட்டாங்க!"

ஆட்டம் அண்ணனுடையது, பயிற்சி லேப்டாப்புடையது, வெற்றி அக்காவுடையது என்று ஆகிவிட்ட பிறகு, கோச்சாகிய என் பங்குக்கு மிஞ்சியது இரண்டு தட்டு பிரியாணிதான்.