டிராக்டருக்குச் சாத்திய மாலை

என் சித்தப்பாவின் கல்யாணம் ஒரு டிராக்டரின் மூக்கில் கட்டிய சாமி மாலையால் நின்றுபோகப் பார்த்தது. இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்று அந்த வண்டியின் மட்கார்டில் உட்கார்ந்திருந்தவள் நான். நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கீழ்பென்னாத்தூரில் எங்களுக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடும் கொல்லை இருந்தது. சித்தப்பா படிப்பை முடித்துவிட்டு, சென்னைக்குப் போகாமல், ஒரு குட்டி டிராக்டர் வாங்கிக்கொண்டு ஊரிலேயே நின்றுவிட்டார். வண்டி நன்றாகத்தான் ஓடியது. கல்யாணப் பேச்சுதான் ஓடவில்லை. பெண் வீட்டார் வருவார்கள், கேசரி தின்பார்கள், "மாப்ள டிராக்டரா ஓட்டறாரு?" என்பார்கள், "சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்து போவார்கள். அந்த "சொல்லி அனுப்புறோம்" வந்துவிட்டால் பிறகு ஒன்றும் வராது என்பது அந்தச் சின்ன வயதிலேயே எனக்குத் தெரியும்.

அடுத்து வந்த சம்பந்தம் திருவண்ணாமலையில். பெண்ணின் அப்பாவுக்குக் கிரிவலப் பாதையை ஒட்டி ஒரு காலி நிலம். கார்த்திகை தீபத்துக்கு அங்கே பந்தல் போட்டு அன்னதானம் செய்வது அவர் வழக்கம். அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து இடுப்பளவு புல் நின்றது. அதை வெட்டித்தர வேண்டுமென்று சித்தப்பாவைக் கூப்பிட்டார். புல் ஒரு சாக்கு, மாப்பிள்ளையைப் பார்க்கத்தான் கூப்பிடுகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததாக யாரும் காட்டிக்கொள்ளவில்லை. அம்மாவும் சும்மா இருக்கவில்லை. சித்தப்பாவுக்குச் சோறு கொண்டுபோகும் சாக்கில் என்னை வண்டியில் ஏற்றி அனுப்பினாள். பெண் எப்படி, பேச்சு எப்படி என்று பார்த்து வந்து சொல்ல வேண்டியது என் வேலை.

போனதும் சித்தப்பா எனக்கு இன்னொரு வேலை கொடுத்தார். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் சூடு காட்டும் முள் ஒன்று இருந்தது. "பச்சையில இருந்தா சும்மா இரு. செவப்புக்குக் கிட்ட போனா என் முதுவுல தட்டு" என்றார். முள் சிவப்பைத் தொட்டுவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "என்ஜின் போச்சு. வண்டி போச்சு. பொண்ணும் போச்சு." அவர் விளையாட்டாகச் சொன்னார். கவலைப்படுவதற்கென்றே பிறந்த என்னிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

புல் வெட்டும்போது வண்டி ஏன் சூடாகும் என்பதையும் அவரே சொல்லியிருந்தார். முன்பக்கம் இருக்கும் ஜாலி என்கிற கம்பி வலை வழியாகத்தான் காற்று உள்ளே போய் ரேடியேட்டரை ஆற்ற வேண்டும். புல்லின் பூவும் தூசும் பறந்துவந்து அதில் அப்பிக்கொள்ளும். அதனால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை இறங்கி, விளக்குமாற்றால் தட்டிவிட்டுத்தான் மேலே ஓட்டுவார்.

அன்று தட்ட முடியாமல் போனது. வேலை தொடங்கும் நேரத்தில் ஒரு பழைய கார் வந்து நின்றது. ஓட்டிவந்தவர் சித்தப்பாவுக்குப் பேசியிருந்த பெண். பக்கத்திலிருந்து இறங்கியவர் நெற்றி நிறைய விபூதி பூசிய அவருடைய அப்பா. அவர் கையில் கோயிலிலிருந்து வாங்கிவந்த தடித்த மாலை. கூடவே சாமிக்குச் சாத்திய, ஈரம் காயாத ஒரு வஸ்திரம். "மொத வேல, நல்லபடியா நடக்கட்டும் தம்பி" என்று சொல்லி, வஸ்திரத்தை டிராக்டரின் முன்பக்கத்தில் இழுத்துக் கட்டி, அதன்மேல் மாலையையும் சாத்தி, கற்பூரம் காட்டினார். ஜாலியில் ஒரு விரல் அகலம்கூட வெளியே தெரியவில்லை. சித்தப்பா கும்பிட்டுக்கொண்டே நின்றார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

பெண்ணைக் கொடுக்கப்போகிறவர் தன் கையால் கட்டிய சாமி மாலை. வேலை முடியும் முன் அதைக் கழற்றினால் அபசகுனம். கழற்றச் சொன்னால் மரியாதைக் கேடு. கழற்றாவிட்டால் என்ஜின் வெந்துபோகும்.

முதல் சுற்றிலேயே முள் நடுவைத் தாண்டியது. சித்தப்பா வெட்டும் கத்தியைக் கொஞ்சம் உயர்த்திப் பார்த்தார். பாதி அகலத்துக்கு மட்டும் வெட்டினார். வண்டியை நத்தை மாதிரி நகர்த்தினார். தண்ணீர் குடிக்கிற பாவனையில் நிறுத்தி, பக்கவாட்டு ஜாலியை மட்டும் கையால் துடைத்தார். ஒன்றும் பலிக்கவில்லை. பறந்துவந்த புல்லெல்லாம் மாலையிலும் ஈர வஸ்திரத்திலும் போய் ஒட்டிக்கொண்டது. பூ வேகிற வாடை எனக்கே அடித்தது.

நான் முதுகில் தட்டினேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். மறுபடி தட்டினேன். பெரியவரோ வேப்பமரத்தடியில் நின்று, "நிறுத்தாதீங்க தம்பி, ராகு காலத்துக்கு முன்னாடி முடிச்சிடுங்க" என்று உற்சாகமாகக் கையை ஆட்டினார். நான் மலையைப் பார்த்தேன். அண்ணாமலையாரே, உன் மாலையை நீயே எடுத்துக்கொள் என்று வேண்டிக்கொண்டேன். இப்படி வேண்டினால் கண் அவிந்துவிடுமோ என்று உடனே அந்தப் பயமும் சேர்ந்துகொண்டது. முள் சிவப்பின் ஓரத்தில் நின்று நடுங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் காரை ஓட்டிவந்த அந்த அக்கா புல்லுக்குள் இறங்கி நேராக வண்டிக்கு எதிரே வந்து கையை உயர்த்தினார். சித்தப்பா கத்தியை நிறுத்தி, வண்டியை மெல்ல உறுமவிட்டபடி நின்றார். அக்கா அவரைப் பார்க்கவேயில்லை. அப்பாவிடம்தான் பேசினார்.

"அப்பா, இது மாடு கட்டுன எடம். சாணியும் புல்லும் சாமி வஸ்திரத்து மேலயே தெறிக்குது. பாவம் இல்லியாப்பா?"

பெரியவர் பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஓடிவந்து மாலையையும் வஸ்திரத்தையும் கழற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"சாமிய எறக்குன உடனே வேல செய்யக் கூடாதுப்பா. வண்டி கொஞ்ச நேரம் இப்படியே நிக்கட்டும். பெரியம்மா சொல்லுவாங்க இல்ல?"

அப்படி ஒரு சாஸ்திரத்தைப் பெரியவர் கேள்விப்பட்டதில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அதற்காகத் தெரியாது என்று சொல்லிவிடுவாரா? "ஆமாமா, அது உண்டு" என்றார். அவரும் சித்தப்பாவும் மாலையைக் காரில் வைக்கப் போனார்கள். அக்கா ஒரு வேப்பங்கொத்தை ஒடித்துவந்து, பேய் ஓட்டுகிறவர்போல, வண்டியின் முன்பக்கத்தில் மேலிருந்து கீழாகச் சடசடவென்று அடித்தார். என்னிடம் ஏதோ கேட்டார், பதில் சொன்னேன். பிறகு கொத்தை எறிந்துவிட்டுப் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார்.

மிச்சப் புல்லைச் சித்தப்பா ஒரே மூச்சில் வெட்டி முடித்தார். கிளம்பும்போது பெரியவர் சொன்னது: "சொல்லி அனுப்புறோம் தம்பி."

வீடு வந்து சேர்ந்தோம். அம்மா வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். பார்த்ததையெல்லாம் ஒப்பித்தேன். சாணி பட்டால் பாவம் என்றது, சாமியை இறக்கினால் வேலை செய்யக் கூடாது என்றது, வேப்பிலை அடித்தது, ஒன்றையும் விடவில்லை. அம்மாவின் முகம் மாறிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு அருள் வரும்போலிருக்கிறது, தினமும் வேப்பிலையோடு யார் குடித்தனம் நடத்துவது என்றாள். அவங்க சொல்லி அனுப்பறதுக்கு முன்னாடி நாமே வேணாம்னு சொல்லிடலாம் என்றார் அப்பா. சாப்பிட உட்கார்ந்திருந்த சித்தப்பா தட்டைப் பார்த்தபடி, "உங்க இஷ்டம்ண்ணா" என்றார். எனக்குத் துக்கமாக இருந்தது. முள் சிவப்பைத் தொடவேயில்லை, வண்டியும் பிழைத்துவிட்டது, அப்புறமும் பெண் போனால் என்ன நியாயம்?

அந்தப் பெண் வேறு ஏதாவது கேட்டாளா என்று அம்மா விடாமல் துருவினாள்.

"ஒண்ணும் கேக்கல. வேப்பில அடிச்சிட்டு, சூடு காட்டுற முள்ளு எறங்கிச்சானு கேட்டாங்க. எறங்கிடுச்சுன்னேன்."

சித்தப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. "இன்னா கேட்டாங்க? திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொன்னேன்.  அவர் தனக்குத்தானே சிரிக்க ஆரம்பித்தார். "அண்ணி, கட்டுனா இந்தப் பொண்ணுதான்" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி ரசம் கேட்டார்.

அம்மாவும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முள்ளைப் பற்றிக் கேட்டாள் என்பதற்காகவா ஒருவர் கல்யாணம் செய்துகொள்வார்? வேப்பிலை பட்டு இவருக்கும் ஏதாவது ஆகிவிட்டதோ என்று, பெண் வீட்டிலிருந்து சம்மதம் வந்துசேரும்வரை எனக்கு ஒரே கவலையாக இருந்தது.