பதினொரு பக்க அபாயங்கள்

மச்சான் வாங்கிய வீட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். லண்டன் புறநகரான சட்டனில் தெரிந்தவர் ஒருவரின் மகளுக்கு மருத்துவப் படிப்பு கிடைத்துவிட்டது என்று கேட்டு இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் இருந்திருக்கிறேன். ஆனால் ஒரு முழு நாட்டைப் பார்த்து வயிறெரிந்தது ஒரே ஒரு முறைதான். இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில், லண்டனில்.

அது ஆப்பிரிக்காவில் ஒரு சின்ன நாடு. நீண்ட போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. செம்பு நிறைந்த மலை இருந்தது, அணை கட்டத் தோதான ஆறு இருந்தது, கஜானாவில் மட்டும் ஒன்றும் இல்லை. தனியார் கம்பனிகளை அழைத்துச் சுரங்கமும் மின்நிலையமும் போட வைப்பதற்காக அவர்கள் லண்டனில் ஒரு மாநாடு வைத்தார்கள். அதற்கான கையேட்டைத் தயாரிக்கும் வேலை நான் இருந்த சிறிய ஆலோசனை நிறுவனத்துக்கு வந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கல்லையும் மண்ணையும் பற்றிப் படித்தவன் என்பதால், மலையைப் பற்றி எழுதுவதும் ‘அபாயங்கள்’ என்ற அத்தியாயத்தை எழுதுவதும் என் பொறுப்பு. காசு போட வருகிறவன் முதலில் திறந்து பார்ப்பது அந்த அத்தியாயத்தைத்தான்.

அந்த நாட்டுச் சுரங்க அமைச்சின் பணிப்பாளர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். என்னைக் கண்டதும் எல்லார் முன்னாலும் “அண்ணை!” என்று கையை விரித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்து வருடங்களுக்கு முன் வட லண்டன் எட்மண்டனில் ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் என்னோடு ஒரே கவுண்டரில் நின்றவன். அவனும் அகதி, அவனும் கல்லும் மண்ணும் படித்தவன். அங்கே மற்ற எல்லாரும் எங்கள் தமிழ் ஆட்கள் என்பதால் ‘அண்ணை’, ‘ஏலாது’ என்ற இரண்டு சொற்களையும் பழகியிருந்தான். ஷிப்ட் மாறும்போது இருவரும் ஒரே கதையைத்தான் கதைப்போம்: சண்டை முடிந்தால் யார் முதலில் ஊருக்குப் போவது.

அவன் போய்விட்டான். அவன் நாட்டில் சண்டை முடிந்தது, போய்ப் பணிப்பாளராகவும் ஆகிவிட்டான். எங்கள் ஊரில் அந்த மாதங்களில்தான் சமாதானம் முறிந்து, வடக்குக்குப் போகும் ஒரே பாதையையும் மூடி, மறுபடி அடிபடத் தொடங்கியிருந்தார்கள்.

தேநீர் குடிக்கும்போது அவன் தன் சிக்கலைச் சொன்னான். மின்சாரம் வரட்டும், பிறகு வருகிறோம் என்கிறது சுரங்கக் கம்பனி. சுரங்கம் வரட்டும், இல்லாவிட்டால் மின்சாரத்தை யாருக்கு விற்பது என்கிறது மின்கம்பனி. பைத்தியம் தெளிந்தால்தான் கலியாணம், கலியாணம் முடிந்தால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை. இரண்டு பேரையும் இந்த மாநாட்டில் ஒரே மேசையில் உட்கார வைக்க வேண்டும் என்பதே அவன் நோக்கம்.

“இந்த முறையும் யாரும் வராவிட்டால் அமைச்சர் என்னைத் தூக்கிவிடுவார். பிறகென்ன அண்ணை, திரும்ப இங்கே கவுண்டர்தான்” என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தான்.

நானும் சிரித்தேன். அந்தக் கடைசி வசனம் எனக்கு இனித்தது என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பிளேஸ்டோவில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்: “வாற கம்பனியளுக்கு உண்மை தெரிய வேணும். பொய் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனா, கடைசியில அந்தச் சனம்தான் பாவம்.”

அவள் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. “ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுததாம். அந்த மனுசன் ஊருக்குப் போயிட்டானெண்டு உங்களுக்கு எரிச்சல். அதைச் சொல்லுங்கோவன்.”

“விசர்க் கதை கதையாதையும்” என்றேன்.

அபாயங்களுக்கு வழக்கமாக நாலு பக்கம் போதும். நான் பதினொரு பக்கம் எழுதினேன். மழையில் அறுந்துபோகும் பாலம், மலையடிவாரத்து மக்களின் காணி உரிமை என்று கோப்பில் இருந்தவை மூன்று பக்கத்தில் முடிந்துவிட்டன. மிச்சம் தானாக வந்தது. ஒரு நாட்டின் கேடுகளை எழுத இவ்வளவு சரளமாக வருகிறதே என்று எனக்கே பெருமையாக இருந்தது.

அச்சுக்குப் போக இரண்டு நாள் இருந்தபோது அவன் அந்தப் பக்கங்களோடு வந்தான். கதவைச் சாத்தினான். கோபப்படுவான் என்று பதிலை ஆயத்தமாக வைத்திருந்தேன். அவன் மெதுவாக வாசித்தான்.

“‘மின்சாரம் இல்லாத வடக்கில் மக்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்கிறார்கள்.’ அண்ணை, எங்கள் வடக்கு முழுக்கச் செங்குத்து மலை. அங்கே சைக்கிளே கிடையாது.”

அடுத்த தாளைப் புரட்டினான்.

“‘வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. வடக்குக்குப் போகும் ஒரே நெடுஞ்சாலை மூடப்பட்டிருக்கிறது.’ எங்களுக்கு வடக்கே போக மூன்று பாதை இருக்கிறது.” தாளை மேசையில் வைத்தான். “இது எந்த நாடு, அண்ணை?”

தெரிந்துதான் கேட்டான். அந்தப் பெற்றோல் ஸ்டேஷனில் எங்கள் ஊரின் சைக்கிள் வானொலியைப் பற்றி அவனுக்குச் சொன்னதே நான்தான்.

பேனையை எடுத்து நானே வெட்டத் தொடங்கினேன். அவன் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். எட்டுப் பக்கங்கள் போயின. மிஞ்சிய மூன்றும் உண்மையானவை. அவற்றில் ஒரு சொல்லைக்கூட மாற்றச் சொல்லி அவன் கேட்கவில்லை.

வெட்டிய தாள்களைக் கசக்கப் போனேன். அவன் என் கையைப் பிடித்தான். தாள்களை ஒன்றாக அடுக்கி, ஓரத்தைத் தட்டிச் சரிசெய்து, என்னிடம் தந்தான்.

“எறியாதே, அண்ணை. உன் நாட்டுக்கு ஒரு நாள் இப்படிக் கையேடு எழுதும்போது உனக்கு வேண்டியிருக்கும்.”

அன்பாகத்தான் சொன்னான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.